புயல் வாரம்: வீட்டை ஏழு நாளுக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி

வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாகியிருக்கிறது என்ற செய்தி வந்ததும் கடலூர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் நடப்பது, பாலும் ரொட்டியும் மெழுகுவத்தியும் வாங்கக் கடைக்கு ஓடுவதுதான். இந்த மூன்றும் ஓர் இரவுக்குப் போதும். ஆனால் எங்கள் கடற்கரையில் புயல் ஓர் இரவோடு முடிவதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது; காற்று சில மணி நேரத்தில் அடங்கிவிட்டது, மின்சாரம் திரும்பப் பல கிராமங்களில் வாரக்கணக்கில் ஆயிற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கரையைக் கடந்தபின், அபாயம் நீங்கியதென்று எல்லோரும் மூச்சு விட்ட அடுத்த இரண்டு மூன்று நாள்களில்தான் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீரோடு தென்பெண்ணை கடலூர்க் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

புயலடிக்கும் இரவை மட்டும் எண்ணி ஆயத்தம் செய்த வீடுகள் நான்காம் நாளிலும் ஐந்தாம் நாளிலும் குடிநீருக்குத் தவிப்பதையே ஒவ்வொரு முறையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, தாழ்வு நிலை அறிவிக்கப்படும் நாள் தொடங்கித் தண்ணீர் வடிந்து, மின்சாரம் வந்து, துணி காயும் நாள் வரை ஏறத்தாழ ஒரு வாரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு வீட்டை நடத்தும் முறையை இங்கே எழுதுகிறேன். கடற்கரை மாவட்டத்தில் சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ நான்கைந்து பேராக வசிக்கும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். குடிசையிலும், தகரம் அல்லது கல்நார்த் தகடு வேய்ந்த வீட்டிலும் இருப்பவர்கள் பின்வரும் எதற்கும் முன்பாக ஒன்றைச் செய்ய வேண்டும்: காற்று எழும்புவதற்கு முன், பகல் வெளிச்சத்திலேயே, உறவினரின் உறுதியான வீட்டுக்கோ அரசின் புயல் பாதுகாப்பு மையத்துக்கோ சென்றுவிட வேண்டும்.

அறிவிப்பின் சொற்களைப் பொருளறிந்து கேட்பது

காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை இருக்கும்போது அதைக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றும், 50 முதல் 61 கி.மீ. வரை இருக்கும்போது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றும் வானிலை ஆய்வு மையம் சொல்கிறது. 62 கி.மீ. எட்டினால்தான் அதற்குப் புயல் என்ற பெயர் கிடைக்கிறது; 89 கி.மீ. தொட்டால் தீவிரப் புயல். “புயலாக மாறவில்லையாம்” என்று கேட்டவுடன் பலர் வாங்கி வைத்த கயிற்றைக்கூட அவிழ்த்துவிடுகிறார்கள். இந்தப் பெயர்கள் காற்றைப் பற்றியவை, மழையைப் பற்றியவை அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியது, பெயர் சூட்டும் அளவுக்குக்கூட வளராத ஓர் ஆழ்ந்த தாழ்வு மண்டலமே.

மழையின் அளவுக்குத் தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒரு நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 மி.மீ. எட்டினால் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதிகனமழை. இந்த எண்களை வீட்டின் அளவுக்குக் கொண்டுவந்து பார்ப்பது நல்லது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 204 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 19,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அந்தத் தண்ணீர் முழுவதும் இறங்க வேண்டிய வழி, மாடி மூலையில் இருக்கும் ஒன்றிரண்டு குழாய் வாய்கள்தான். அவற்றை வேப்பஞ்சருகு அடைத்திருந்தால் என்னவாகும் என்பதை அப்போது விளக்க வேண்டியிருக்காது.

அறிவிப்பில் இன்னும் இரண்டு செய்திகளைத் தேடிக் கேளுங்கள். முதலாவது, எந்த ஊர் அருகே கரையைக் கடக்கும் என்பது. நம் பக்கத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆகவே, கிழக்குக் கரையில் மேற்கு நோக்கிப் புயல் ஏறும்போது, அது கடக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலைக் கரைமேல் தள்ளும். தாழ்வான கடலோரத் தெருவில் இருப்பவர்கள் தங்கள் ஊர் அந்த இடத்துக்கு வடக்கா தெற்கா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, உங்கள் ஊர் ஆற்றின் மேற்பகுதியில் எவ்வளவு மழை என்பது. தென்பெண்ணை நந்தி மலையில் தோன்றி கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூருக்கு வருகிறது. கடலூரில் மழை ஓய்ந்த பிறகும் திருவண்ணாமலைப் பக்கத்து மழையையும் அணையின் நீர் திறப்பையும் இரண்டு நாளாவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

செல்பேசிக் கோபுரங்கள் மின்கலத்திலும் டீசலிலும் சில மணி நேரமே ஓடும் என்பதால், உலர் மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருப்பது அவசியம் என்பது என் உறுதியான எண்ணம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மின்தடை மற்றும் அறுந்த கம்பி பற்றிச் சொல்ல மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987, அவசர ஊர்தியின் 108 ஆகிய எண்களைச் செல்பேசியில் சேமித்தால் மட்டும் போதாது. சுண்ணக்கட்டியால் கதவின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.

தண்ணீர்

எல்லாவற்றிலும் மேலாக இதைத்தான் வலியுறுத்த விரும்புகிறேன். மழை கொட்டும் வாரத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும் என்பதை நம்புவது கடினம். ஆனால் மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலும் நீர் ஏறாது. வெள்ளம் வந்தால் கிணறும் ஆழ்துளைக் கிணறும் கலங்கிவிடும். சாலை முறிந்தால் கேன் வண்டி வராது. இந்த நான்கும் ஒரே நாளில் நடந்துவிடுகின்றன.

குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருக்கு ஏழு நாளுக்கு 140 லிட்டர் வேண்டும். இருபது லிட்டர் கேன் என்றால் ஏழு. பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் என்றால் பத்து. இந்த நீரை மூடியுள்ள பாத்திரங்களில், தரையில் வைக்காமல் கட்டில்மேலோ மேசைமேலோ பரண்மேலோ வைக்க வேண்டும். வெள்ளம் வீட்டுக்குள் ஏறினால் தரையில் வைத்த குடம் கவிழ்ந்துவிடக்கூடும்.

குளிக்க, பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு ஊற்ற வேண்டிய நீர் வேறு கணக்கு. மாடியிலிருக்கும் தொட்டியைப் புயலுக்கு முந்தைய மாலையில் விளிம்பு வரை நிரப்பி, மூடியைக் கயிற்றால் கட்டுங்கள். இதற்கு இரட்டைப் பயன் உண்டு. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் ஒரு டன் எடையோடு அசையாமல் நிற்கும்; காலியான தொட்டியைக் காற்று உருட்டிக்கொண்டுபோய் அடுத்த வீட்டு ஓட்டின்மேல் போட்டுவிடும். தொட்டி நிறைந்ததும், அதிலிருந்து வீட்டுக்கு இறங்கும் குழாயின் திருகை அடைத்துவிடுங்கள். இல்லையெனில் மின்சாரம் போனது தெரியாமல் குழந்தைகள் குழாயைத் திறந்துவிட்டு, ஒரே காலையில் பாதித் தொட்டி தீர்ந்துவிடும். தேவைப்படும்போது திறந்து, வாளியில் பிடித்துக்கொண்டு, மீண்டும் அடைப்பது என்ற பழக்கத்தை அந்த வாரம் முழுவதும் கடைப்பிடிக்க வேண்டும். முதல் அரை மணி மழை மாடியைக் கழுவிய பின், மழைநீர்க் குழாயின் கீழே அண்டாவையும் வாளிகளையும் வைத்துப் பிடித்தால் கழிப்பறைத் தேவையை அதிலேயே முடித்துக்கொள்ளலாம்.

வெள்ளம் தொட்ட நீரைக் குடிக்க நேர்ந்தால், தெளியவைத்து, துணியில் வடிகட்டி, குமிழி பொங்கக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நீருக்கு 4 கிராம் அளவு பிளீச்சிங் பவுடர் போதுமானது. அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. அதை நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாது. ஒரு வாளி நீரில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்த வேண்டும். வெள்ளம் மூழ்கடித்த கிணற்றுக்கு இந்த அளவு செல்லாது. அதை முதலில் இறைத்துக் கொட்டிவிட்டுச் சுகாதாரப் பணியாளரை அழைத்துக் குளோரின் இடச் சொல்லுங்கள்.

மாடி, மரம், தொழுவம்

காற்றுக்கு முந்தைய பகலில் செய்ய வேண்டிய வேலைகளை மேலிருந்து கீழாகச் செய்தால் எதுவும் விட்டுப்போகாது. மாடியிலுள்ள பூந்தொட்டி, உடைந்த நாற்காலி, கொடிக்கயிற்றின் கம்பி, ஓட்டுத்துண்டு, செங்கல் என்று கையால் தூக்கக்கூடிய எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். நீர் இறங்கும் வாய்களைச் சருகு நீக்கித் திறந்து, ஒரு குடம் நீரை ஊற்றி அது வெளியே வருகிறதா என்று பாருங்கள். ஓட்டு வீட்டில் பிளந்த ஓடுகளை மாற்றி, முகட்டு ஓடுகள் சுண்ணக்கலவையில் பிடித்து நிற்கின்றனவா என்று தட்டிப் பார்க்க வேண்டும். காற்று எப்போதும் முகட்டிலும் தாழ்வார ஓரத்திலும்தான் முதலில் நுழைகிறது. தார்ப்பாய் போடுகிறவர்கள் அதன் ஓரங்களைக் கல்லால் அழுத்தி வைக்கக் கூடாது. காற்றில் தார்ப்பாய் எழும்போது அந்தக் கல்தான் தலையில் விழும். மணல் நிரப்பிய சாக்குகளை இரண்டிரண்டாகக் கயிற்றில் கோத்து, கூரையின் இருபுறமும் தொங்கும்படி போடுவதே எங்கள் பக்கத்து வழக்கம்.

தென்னை மரத்தில் காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் முன்கூட்டியே இறக்கிவிட்டால் உச்சியின் பாரம் குறையும், பறந்து வந்து அடிப்பதற்கும் ஒன்று குறையும். முருங்கை கொஞ்சக் காற்றுக்கே முறியும் மரம் என்பதால், வீட்டுக்கும் மின்கம்பிக்கும் மேலே நீண்ட கிளைகளைத் தயங்காமல் வெட்டுங்கள்; மூன்று மாதத்தில் தழைத்துவிடும். மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளையை மட்டும் நீங்களே வெட்டக் கூடாது, மின்வாரியப் பணியாளரிடம் விட வேண்டும். பண்ருட்டிப் பக்கத்தில் தானே புயலின்போது வீழ்ந்த பலாவும் முந்திரியும் இரண்டு மூன்று தலைமுறை வளர்த்தவை. அவற்றின் அடியில் வண்டியை நிறுத்தியிருந்தவர்கள் வண்டியையும் இழந்தார்கள்.

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் தொழுவம் உறுதியற்றது என்று தோன்றினால், கயிற்றை அவிழ்த்து அவற்றை மேடான இடத்துக்கு ஓட்டிவிட வேண்டும். கட்டிய கயிறே வெள்ளத்தில் மாட்டைக் கொல்லும். இரண்டு நாள் வைக்கோலை நனையாமல் பரணில் ஏற்றி வையுங்கள்.

தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தெருவில் நீர் உயரும்போது அது வாசல் வழியே வருவதற்கு முன்பே குளியலறைச் சாக்கடை வழியாகவும் கழிப்பறைப் பீங்கான் வழியாகவும் மேலெழும்பி வரும். ஒரு பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி, பழந்துணியில் சுற்றி, அந்த வாய்களில் அழுத்தி அடைத்தால் கழிவுநீர் வீட்டுக்குள் பெருகுவது பெருமளவு குறையும். சாப்பாட்டு அறையில் கழிவுநீர் நிற்கும் வீட்டைக் கழுவி மீட்க எத்தனை நாள் ஆகும் என்பதை அறிந்தவர்கள் இந்த வேலையை ஒருபோதும் விடமாட்டார்கள்.

அடுக்களை

குளிர்பெட்டியை நம்பிச் சமையலைத் திட்டமிடாதீர்கள். மின்சாரம் போனபின் கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர்ச்சி நான்கு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். பால், தேங்காய், அரைத்த மாவு, மீன், கீரை ஆகியவற்றைப் புயலுக்கு முந்தைய நாளுக்குள் சமைத்து முடித்துவிட வேண்டும். தோசை மாவு இருந்தால் கடைசி மாலையில் முழுவதையும் இட்லியாக அவித்துவிடுவது நல்லது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி மறுநாள் பகல் வரை கெடாது, அடுப்பு மூட்ட முடியாத புயல் இரவுக்கு அதைவிடச் சிறந்த உணவு கிடையாது.

அதன்பின் வரும் நாள்களுக்குப் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். சோறு மட்டும் வடித்தால் வேளை கழிந்துவிடும். அவல், பொரி, வறுத்த ரவை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வெல்லம் ஆகியவை நெருப்பில்லாமலோ குறைந்த நெருப்பிலோ பசியாற்றுபவை. காய்கறியில் சேனைக்கிழங்கு, கருணைக்கிழங்கு, பூசணி, வாழைக்காய், வெங்காயம் ஆகியவை வாரம் முழுவதும் தாங்கும். தக்காளியும் கத்தரியும் ஈரக்காற்றில் மூன்றாம் நாளே அழுகத் தொடங்கும். மணத்தக்காளி வற்றலும் சுண்டை வற்றலும் கருவாடும் இத்தகைய நாளுக்கென்றே நம் முன்னோர் வெயிலில் காயவைத்தவை. அவற்றைப் போட்ட டப்பா காற்றுப் புகாமல் மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பால்மாவு, உப்பு, தீப்பெட்டி மூன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் முடிந்து வையுங்கள்.

எரிவாயு உருளையைச் செய்தி வந்த அன்றே பதிவு செய்ய வேண்டும். காற்று வலுக்கும்போது அடுப்பை அணைத்து உருளையின் திருகையும் மூடுங்கள். வெள்ளம் புகும் வீட்டில் உருளை மிதந்து குழாய் பிடுங்கிக்கொள்ளும் என்பதால், அதை ஜன்னல் கம்பியோடு கட்டி வைப்பது நல்லது. உருளை தீர்ந்துபோய்க் கரியடுப்பையோ விறகடுப்பையோ மூட்ட நேர்ந்தால், கதவடைத்த அறைக்குள் மூட்டவே கூடாது. மணமும் நிறமும் இல்லாத நச்சுப்புகை, உறங்குகிறவர்களை உறக்கத்திலேயே கொன்றுவிடும். வாடகைக்கு எடுக்கும் ஜெனரேட்டரும் அப்படியே. அது தாழ்வாரத்தில்கூட அல்ல, வீட்டுக்கு வெளியே முற்றத்தில் இருக்க வேண்டும்.

புயல் இரவு

உறுதியான கான்கிரீட் கூரைக்குக் கீழே, ஜன்னல் குறைந்த நடு அறையில் குடும்பம் முழுவதும் ஒன்றாகப் படுத்துக்கொள்ளுங்கள். செருப்பு, கைவிளக்கு, மருந்து, ஆவணப் பை ஆகியவை தலைமாட்டில் இருக்க வேண்டும். நள்ளிரவில் எழுந்து கண்ணாடிச் சில்லுமேல் வெறுங்காலோடு நடக்க நேரக்கூடும். ஆவணப் பை என்பது குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டியது. அதோடு பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் ரொக்கமும் வையுங்கள். கோபுரம் செயலிழந்தால் செல்பேசியில் பணம் செலுத்த இயலாது, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை தரக் கடைக்காரரிடமும் இருக்காது.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். புயலின் கண் உங்கள் ஊருக்கு மேலே வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். சில நேரம் வானம்கூட வெளுக்கும். அது முடிவன்று, நடுப்பகுதி. வடக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று கண் கடந்ததும் தெற்கிலிருந்து அதே வேகத்தில் வீசும். முதல் பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தளர்ந்த மரங்களும் சுவர்களும் மறுபாதியில் எதிர்ப்பக்கமாக விழும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது, இந்த இடைவெளியில் வெளியே வரவேண்டாம் என்று மக்களை எச்சரித்தார்கள். வானொலியில் “முழுவதுமாகக் கரையைக் கடந்துவிட்டது” என்று அறிவிக்கும்வரை யாரும் வாசலைத் தாண்டக் கூடாது.

நிறைமாதக் கர்ப்பிணி வீட்டிலிருந்தால் அந்த இரவு வரை காத்திருக்காதீர்கள். பிரசவ நாள் நெருங்கியவர்களைப் புயலுக்கு முன்பே அரசு மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வது கடற்கரை மாவட்டங்களில் நடைமுறையில் இருக்கிறது. கிராமச் செவிலியரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர் ஏற்பாடு செய்வார். இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்பவர்களுக்குப் பதினைந்து நாள் மருந்து கையில் இருக்க வேண்டும். இன்சுலின் பயன்படுத்துபவர்கள் குளிர்பெட்டி இல்லாத நாள்களில் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறிய கிண்ணத்தில், நீர் படாமல், மருந்துப் புட்டியை வைத்து மூடுவது என் தாயாருக்கு நாங்கள் செய்துவந்த ஏற்பாடு.

மின்சாரம் இல்லாத நாள்கள்

வீட்டுக்குள் நீர் ஏறும் அறிகுறி தெரிந்தவுடன், கால் நனைவதற்கு முன்பே, மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயின் அணைந்த பிறகும் பாதி இணைப்புகளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் அணைத்து, மின்கலத்தை உயரமான இடத்துக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். இன்வெர்ட்டரைச் சிக்கனமாகச் செலவிடும் வழி எளிது. ஒரு மின்விசிறி எடுத்துக்கொள்ளும் 70 வாட்டில், 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஏழை எரியவிடலாம். மழைக்குளிரில் விசிறி தேவையில்லை. ஒரு விளக்கும் செல்பேசி மின்னேற்றமும் மட்டும் என்று முடிவு செய்தால் இரண்டு மூன்று நாள் ஓட்டலாம்.

செல்பேசியில் இணையத்தை அணைத்து வைத்து, காலையும் மாலையும் குறித்த நேரத்தில் பத்து நிமிடம் மட்டும் திறந்து பாருங்கள். அழைப்பு கிடைக்காத நேரத்திலும் குறுஞ்செய்தி போய்ச்சேர்வதுண்டு. வெளியூரில் இருக்கும் ஓர் உறவினரைத் தொடர்புக்கு உரியவராக வைத்து, எல்லோரும் அவருக்கே “நலம்” என்று செய்தி அனுப்புவது என்று முன்பே பேசிக்கொண்டால், ஆளுக்கு ஆள் அழைத்து மின்னேற்றத்தைக் கரைக்க வேண்டியிருக்காது.

காற்று ஓய்ந்த காலையில் தெருவில் இறங்கும்போது ஒரு நீண்ட மூங்கில் கழியோடு இறங்குங்கள். நீரில் மூழ்கிய சாக்கடைக் குழியும் பள்ளமும் கழியில்தான் முதலில் தெரிய வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. கம்பி கிடக்கும் தேங்கிய நீரும் அந்தக் கம்பிக்குச் சமம். மின்கம்பத்தைத் தாங்கும் இழுகம்பியில் துணி காயப்போடுவதும் ஆட்டைக் கட்டுவதும் ஈர நாள்களில் உயிரைப் பணயம் வைப்பதாகும். மின்சாரம் திரும்பி வந்ததும் உடனே எல்லாவற்றையும் போட்டுவிடாமல், நீர் தொட்ட சுவர்களும் பொத்தான் பலகைகளும் காய்ந்தபின், மின்பணியாளரைக் கொண்டு சோதித்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். வெள்ளம் புகுந்த மோட்டார், மாவரைக்கும் இயந்திரம், இருசக்கர வண்டி எதையும் ஓட்டிப் பார்க்க முயலாதீர்கள். நீர் புகுந்த எஞ்சினை ஒருமுறை முடுக்கினால், துடைத்துக் காயவைத்து மீட்கக்கூடியதும் பெரும் செலவில் முடியும்.

துணி காயாத துன்பத்தைச் சிறியதென்று பலர் தள்ளிவிடுகிறார்கள். நான்காம் நாளில் குழந்தைக்கு உலர்ந்த உள்ளாடை இல்லாத வீட்டில் அது சிறியதாக இருப்பதில்லை. அந்த வாரம் பருத்திப் புடவையும் கனத்த போர்வையும் துவைக்காமல், மெல்லிய துணிகளை மட்டும் அலசி, நன்றாகப் பிழிந்து, உலர்ந்த துண்டில் சுருட்டி மிதித்து எடுத்தபின் அறைக்குள் கொடியில் இடைவெளி விட்டுப் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று உடையைப் பையில் கட்டிப் பரணில் வைத்திருப்பது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம்.

வடிந்த பிறகு

துடைப்பத்தை எடுப்பதற்கு முன் செல்பேசியை எடுத்து, இடிந்த சுவர், பறந்த ஓடு, நனைந்த நெல்மூட்டை, வீழ்ந்த மரம், இறந்த கால்நடை ஆகியவற்றையும் சுவரில் நீர் நின்ற கோட்டையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். கணக்கெடுக்க வரும் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்ட அவைதான் சான்று. சுத்தம் செய்து முடித்துவிட்டு வாயால் சொல்லி வருந்திய குடும்பங்களை நான் அறிவேன். பயிர் இழந்தவர்கள் வேளாண்மை அலுவலரிடமும், காப்பீடு செய்தவர்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் தாமதிக்காமல் எழுத்தில் தெரிவியுங்கள்.

அலமாரிக்கு அடியிலும் விறகுக் குவியலிலும் கைவிடுவதற்கு முன் கழியால் தட்டுங்கள். வளை மூழ்கிய பாம்பு உலர்ந்த இடம் தேடி வீட்டுக்குள்தான் வரும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது என்பதால், “ஏதோ பூச்சி” என்று விட்டுவிடக் கூடாது. வெள்ளநீரில் நின்று வேலை செய்தவர்களுக்குச் சில நாள்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தாமே மாத்திரை வாங்கி விழுங்காமல், வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

டெங்குக் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிட்டு ஏழு முதல் பத்து நாளில் பறக்கத் தொடங்குகிறது. ஆகவே, முதல் வெயில் வந்த அன்றே தேங்காய்ச் சிரட்டை, டயர், உடைந்த ஓடு, பூந்தொட்டித் தட்டு, தார்ப்பாயின் மடிப்பு ஆகியவற்றில் நிற்கும் நீரைக் கவிழ்த்துவிட வேண்டும். கழற்றிய தார்ப்பாயை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து அடுத்த முறை ஓட்டையாகத்தான் விரியும். வெயிலில் இருபுறமும் காயவைத்து, கயிறுகளைச் சுருட்டி, வானொலியின் மின்கலத்தைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிக் கைக்கெட்டும் இடத்திலேயே வையுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் இறுதி வரை உண்டு. தானே வந்தது அந்த மாதத்தின் கடைசிக்கு முந்தைய நாளில்தான்.